பாலாம்பிகை அக்காவின் நல்ல நேரம்

"இந்தக் கம்பியூட்டர நம்புறீங்களா?"

பாலாம்பிகை அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. என் போனை வாங்கி, வயரைச் செருகி, அதன் திரையில் வந்த எழுத்துகளை ஒருமுறை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டார்.

"நான் கேக்கல தம்பி, உங்க போன் கேக்குது. நம்பினா அமத்துங்க. நம்பாட்டி வயர கழட்டித் தாறேன், வேற கடைக்குப் போங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல."

நம்பினேன். அமத்தினேன். போன் இரகசிய இலக்கத்தைக் கேட்டது. நான் அதை அடிக்கத் தொடங்கியதும் அக்கா கதிரையோடு சேர்ந்து அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குளிக்கிற இடத்தைக் கடந்து போகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி ஒரு திருப்பம். "அடிச்சு முடிஞ்சா இருமுங்க," என்றார். இருமினேன். திரும்பினார்.

என் போனில் இருந்தது பேராதனைப் பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம். கறுப்பு அங்கியில் நான், ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் அம்மா. பன்வில தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் அந்தப் படம் முன்சுவரை முழுதாக மறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று வீட்டில் தீர்மானம் ஆகியிருந்தது. நான் மறுக்கவில்லை. எனக்கும் ஆசைதான். அக்கா படத்தைக் கணினித் திரையில் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்கி நல்லாருக்கு. உள்ளுக்கு ஆள் இருக்காரான்னுதான் தேட வேண்டிக் கெடக்கு. என்னா படிச்சீங்க?"

"புவியியல் அக்கா."

"அப்பிடின்னா சொல்லுங்க பாப்போம். ஒவ்வொரு நாளும் அப்டேட் வந்திருக்கு, அப்டேட் வந்திருக்குன்னு இந்தக் கம்பியூட்டர் கத்துதே, அது எந்தப் பக்கமிருந்து வருது?"

அன்று இரண்டு பிரதிகள் அச்சிட்டார். ஒன்று எனக்கு. மற்றதைச் சிறியதாக அடித்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். "ஒரு பட்டதாரி நம்பின கம்பியூட்டர்னு சனத்துக்குத் தெரியட்டும்." அங்கியோடு நான் இன்றும் அந்தக் கதவில்தான் நிற்கிறேன், ஒரு பக்கம் ஒரு மணப்பெண், மறு பக்கம் கடவுச்சீட்டுக்கு முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர்.

கண்டியில், கொழும்பு வீதியிலிருந்து மார்க்கெட் பக்கமாகப் பிரியும் சந்தில் அக்காவின் கடை. போட்டோ கொப்பி, பாஸ்போட் படம், போனில் உள்ள படங்களை அச்சிடுவது, இணையத்தில் விண்ணப்பம் போடுவது என்று எல்லாம் நடக்கும் இடம். ஊர் வழக்கில் கம்யூனிகேஷன். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மழையில் நிற்க வேண்டும். கண்டியில் அப்படி நிற்பதற்கு மழைக்கும் பஞ்சமில்லை. நான் வந்துபோன சில மாதங்களில் அதே சந்தின் மாடியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அன்றிலிருந்து என் பகல் சோற்றுப் பார்சல் அக்காவின் மேசை ஓரத்தில்தான் பிரிகிறது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. குள்ளம். சேலைக்கு மேல் எந்நேரமும் ஒரு நீலச் சுவெட்டர். கொண்டையில் பூ இருக்கும் இடத்தில் ஒரு போல்பொயிண்ட் பேனை. பேனையைத் தேடி மேசையையும் அலுமாரியையும் கவிழ்த்துப் போடுவதும், வந்தவர்கள் கொண்டையைக் காட்டுவதும், "அட, அங்கயா இருக்கு" என்று அவர் தலையில் கை வைப்பதும் நாளுக்கு நான்கு தடவையாவது நடக்கும்.

கணினிக்கு நெற்றி இருக்கிறது. அதில் சந்தனம், நடுவில் குங்குமம். சரஸ்வதி பூசைக்குக் கட்டிய எலுமிச்சங்காய் காய்ந்து கறுத்து ஒரு மூலையில் தொங்கும். கணினிக்கு அக்கா வைத்த பெயர் மாப்ள. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் எதையாவது கேட்டு முறுக்கிக்கிட்டு நிக்கிறவனுக்கு வேற என்னா பேர் வைக்கிறது?" என்றார். கணினி ஏதாவது கேட்டுத் திரையில் பெட்டி போட்டால், "மாப்ள முறுக்கிட்டாரு" என்று சந்துக்கே அறிவிப்பார். எதிரே மருந்துக் கடையில் வேலை செய்யும் நிலூஷா, "என்னாக்கா, மோதிரம் கேக்குறாரா, பைக் கேக்குறாரா?" என்று அங்கிருந்தே கத்துவாள்.

நம்புகிறீர்களா என்ற கேள்வியை அக்கா யாரிடமும் சாதாரணமாகக் கேட்டுவிட மாட்டார். தாலி கட்டும் முன் பாதிரியார் கேட்கிற தொனியில் கேட்பார். பதில்கள் பல விதம். கோட் போட்ட ஒருவர், "யோசித்து நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே போய்விட்டார். த்ரீவீல் ஓட்டும் ஒருவரிடம் சிங்களத்தில் "விஸ்வாசத?" என்று கேட்டபோது, அவர் போனைப் பறித்துக்கொண்டு, "என் வீட்டு நோனாவா உங்களை இப்படிக் கேட்கச் சொன்னா?" என்றார். சந்து வாசலில் வெற்றிலை விற்கும் அங்கம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்வார். "கம்பியூட்டர நம்பலாம். அதுக்கு முன்னுக்கு குந்திக்கிட்டு இருக்கிறவளத்தான் யோசிக்கணும்."

ஆனால் அக்காவின் உண்மையான பெருமை நம்பிக்கையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்று பெட்டி வந்தால் அதில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று 'பிறகு நினைவூட்டு'. அக்கா அதை 'எங்க வீட்டுக்காரர் பட்டன்' என்பார். அவருடைய கணவர் திருச்செல்வம் மாநகர சபையில் கிளார்க். வீட்டில் எதைச் சொன்னாலும் பிறகு பார்ப்போம் என்பவர். மற்றது 'இப்போதே நிறுவு'. இதை அமத்துவதற்கு முன் அக்காவின் கண் தானாகவே சுவரில் தொங்கும் நாட்காட்டிக்குப் போகும். ராகு காலம், எமகண்டம் இரண்டும் தாண்டி, நல்ல நேரம் பிறந்த பிறகுதான் விரல் இறங்கும். அதுவரை போன் கொண்டு வந்தவர் யாராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். "ராகு காலம் முடிய வாங்க. அதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அப்பிடியே எனக்கும் ஒண்ணு சொல்லிட்டுப் போங்க."

"போட்டோ கொப்பிக்கு நேரம் பார்ப்பதில்லையே அக்கா?" என்று ஒரு நாள் மடக்கினேன்.

"கொப்பின்னா இருக்கிறத மறுபடி எடுக்கிறது. புதுசா என்னா தொடங்குது? அப்டேட் அப்பிடியா? உள்ளுக்குப் போயி, இருக்கிறத தூக்கி வெளிய போட்டுட்டு, தான் வந்து குந்திக்கிறான். குடிபோற மாதிரி. நம்ம வீட்டுக்குக் குடிபோக நேரம் பாக்குறோம்தானே?"

விடவில்லை நான். அனுப்புகிறவன் அமெரிக்காவில் இருக்கிறான், அங்கே இப்போது நடுச்சாமம், அந்த ஊரில் ராகு காலமே வேறு நேரத்தில் வரும் என்று, படித்த புவியியலை முழுதாக இறக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அனுப்புறதுக்கு அவன் அவன் நேரத்தப் பாக்கட்டும். வாங்குறதுக்கு நான் என் நேரத்தப் பாக்குறேன். நீங்க சோத்தச் சாப்பிடுங்க."

இந்த நல்ல நேரத்தால் அக்காவுக்கு ஒரு தீராத கெட்ட பெயரும் இருந்தது. சந்துப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கும்மிக் குழு வைத்திருக்கிறார்கள். தொடங்கியவர் அக்கா. அங்கம்மா, நிலூஷா, தையல் கடையிலிருந்து இரண்டு பேர். கடை பூட்டிய பிறகு சந்துக்குள்ளேயே பழகுவார்கள். ஒரு தமிழ்த் தொலைக்காட்சி ஆண்டுதோறும் பொங்கலுக்கு ஊர் ஊராகக் கும்மியும் கோலாட்டமும் அனுப்பச் சொல்லி, தேர்ந்தவற்றைக் காட்டும். முன்வருடம் இவர்களும் கும்மியை வீடியோப் படம் எடுத்தார்கள். கடைசி நாள், கடைசி நேரம். கணினி அப்டேட் கேட்டது. அக்கா நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருந்தார். நல்ல நேரம் வந்தது. அதற்கு முன்பே தொலைக்காட்சிக்காரர்களின் நேரம் முடிந்திருந்தது. அந்த வருடம் முழுதும் அங்கம்மா வெற்றிலை மடித்துக் கொடுக்கும்போதெல்லாம், "சுண்ணாம்பு இப்பவே வைக்கவா, இல்ல நல்ல நேரம் பாத்து வைக்கவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போன மார்கழியில் அக்கா கட்டுக்கலைப் பிள்ளையார் மேல் சத்தியம் செய்தார். "இந்த வருசம் நான் அனுப்பிக் காட்டல, என் பேரு பாலாம்பிகை இல்ல." அங்கம்மா அதை அன்றே மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

இந்த வருடம் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. மாலை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இவர்கள் எடுத்ததோ பதினொரு நிமிடம். அதில் ஒரு நாய் இரண்டு தடவை குறுக்கே போகிறது, நடுவில் அங்கம்மாவின் இடுப்பிலிருந்த வெற்றிலைப் பை அவிழ்ந்து பறக்கிறது. படம் அக்காவின் போனில் இருந்தது. கட்டாரில் இருக்கும் தம்பி கொடுத்தனுப்பிய விலை கூடிய போன். ஆனால் அதில் ஊசி நுழையவும் இடமில்லை. போனிலேயே வெட்டலாம் என்று நிலூஷா முயன்றாள். இடம் போதாது என்று போன் கையை விரித்தது. கணினிக்கு மாற்றித்தான் வெட்ட வேண்டும். அக்கா காலையிலேயே நல்ல நேரம் குறித்து வைத்திருந்தார். ஆனால் இரவு பெய்த மழையில் எங்கோ மரம் விழுந்து, காலை முழுக்கச் சந்தில் கரண்ட் இல்லை.

கரண்ட் வந்தபோது மணி ஒன்று நாற்பது. வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை. நான் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"படத்த மாத்துறதுக்கு நேரம் தேவையில்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அக்கா வயரைச் செருகினார். "அதுவும் கொப்பி மாதிரிதான்."

திரையில் பெட்டி வந்தது. இந்தப் போனுடன் இணைவதற்கு மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், இப்போதே பதிவிறக்கி நிறுவலாமா என்றது.

"ஐயையோ. மாப்ள முறுக்கிட்டாரு."

இந்த முறை யாரும் மோதிரமா பைக்கா என்று கேட்கவில்லை. நிலூஷா வீதியைக் கடந்து ஓடி வந்தாள். அங்கம்மா வெற்றிலைத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தார். 'பிறகு' என்பதை அமத்திப் பார்த்தார்கள். பெட்டி போய்விட்டது. போனும் காணாமல் போய்விட்டது. மறுபடி செருகினால் மறுபடி பெட்டி. நேற்றுவரை இப்படி இல்லையே என்று அக்கா புலம்ப, நிலூஷா போனைப் புரட்டிப் பார்த்து விசயத்தைக் கண்டுபிடித்தாள். இரவு சார்ஜில் கிடந்தபோது போன் தானாகவே புதுப்பித்துக்கொண்டுவிட்டது.

"என்னைய கேக்காமயா? ராத்திரி எத்தன மணிக்கு? என்னா நட்சத்திரத்துல?" அக்கா நிஜமாகவே புண்பட்டுப் போனார். "இப்போ போன் படிச்சிருச்சு, கம்பியூட்டர் படிக்கல. அதனால ரெண்டும் பேசிக்க மாட்டேங்குது. ஏன் தம்பி, நீங்க பட்டம் வாங்கிட்டு வீட்டுக்குப் போனப்போ அப்பாகூட இப்பிடித்தான் ஆச்சா?"

"எங்க அப்பா அப்டேட் எல்லாம் கேக்க மாட்டார் அக்கா. சாப்டியான்னு மட்டும்தான் கேப்பார்."

"நல்ல மனுசன். மாப்ளக்கும் அந்தப் புத்தி இருந்திருக்கலாம்."

விரல் மவுஸின் மேலே, கண் நாட்காட்டியின் மேலே. அங்கம்மாவால் பொறுக்க முடியவில்லை. "அமத்து புள்ள! அந்த வயரு என்னா தாலிக் கயிறா, இவ்வளவு நேரம் பாக்குற?"

அக்கா அமத்தவில்லை. ஆனால் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது. கொண்டையிலிருந்த பேனையை உருவி, பக்கத்துக் கடையோடு பொதுவாக இருக்கும் பலகைச் சுவரில் டொக் டொக் என்று தட்டினார். பக்கத்துக் கடை நஸீப் நானாவுடையது. கடிகாரம் விற்பார், பழுதும் பார்ப்பார். கண்ணில் பூதக்கண்ணாடிக் குழலோடு அப்படியே எட்டிப் பார்த்தார்.

"நானா, உங்களுக்கு ராகு காலம் இல்லதானே?"

"எங்களுக்கு ஈக்கிறதெல்லாம் கஸ்ட காலம் மட்டும்தான் தங்கச்சி. என்ன வேணும் செல்லுங்க."

"இத ஒருக்கா அமத்திட்டுப் போங்க. என் கை பட்டாத்தான் தோஷம். உங்க கைக்கு ஒண்ணும் இல்ல."

நானா குழலைக் கழற்றிப் பையில் போட்டார். கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். விசயம் பெரியது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. "எனக்கு இந்த மிசின் ஒண்டும் தெரியா. ஆனா பிஸ்மி செல்லித்தான் அமத்துவேன், அதுக்கு உங்கட புள்ளையார் கோவிச்சுக்க மாட்டாரே?"

"அவரு எங்கள விட நல்லவரு. அமத்துங்க."

நானா "பிஸ்மில்லாஹ்" என்றார், அமத்தினார். சந்து கைதட்டியது. அதற்குள் கடை வாசலில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்திருந்தது. திரையில் ஒரு நீலக் கோடு ஊரத் தொடங்கியது. இன்னும் இருபது நிமிடம் என்றது. பிறகு பன்னிரண்டு என்றது. கூட்டம் கிரிக்கெட் பார்ப்பது போல் எட்டிப் பார்த்தது. பிறகு மூன்று மணித்தியாலம் என்றது. "அம்மாடி!" என்று அங்கம்மா நெஞ்சில் கை வைத்தார். "மழ நாள்ல ஸ்டேசன்ல கோச்சிக்கு நேரம் சொல்ற மாதிரியில்ல சொல்லுது!" அடுத்த கணம் ஆறு நிமிடம் என்றது. யாரோ விசில் அடித்தார்கள். கணினி அணைந்தது, கறுத்தது, எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள், மறுபடி எரிந்தது. குங்குமத்துக்குக் கீழே திரை பளிச்சென்று விழித்தது. நஸீப் நானா எல்லோருக்கும் கை கொடுத்தார்.

அப்போதுதான் போன் தன் கேள்வியைக் கேட்டது. இந்தக் கணினியை நம்புகிறீர்களா?

எத்தனையோ வருடமாக ஊரையே கேட்ட கேள்வி. அன்று அக்காவையே பார்த்துக் கேட்டது. நானா உற்சாகத்தில் அதையும் அமத்தினார். போன் இரகசிய இலக்கம் கேட்டது.

"நம்பர செல்லுங்க தங்கச்சி, அடிக்கிறேன்."

அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொல்லேன் புள்ள," என்றார் அங்கம்மா.

"மாட்டேன். ஊர்ல உள்ளவன் போட்டோ எல்லாம் எங்கிட்ட வருது. ஒருத்தர் நம்பர நான் பாத்ததில்ல. சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டே பாதி ஆயுசு போச்சு. இப்போ என் நம்பர நானே சந்துல நின்னு கத்தினா, நாளைக்கு எவன் எங்கிட்ட போன குடுப்பான்?"

"அப்ப நீயே அடி."

"மூணு ஆகட்டும்."

மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது. நிலூஷா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். படம் மாற வேண்டும், பதினொரு நிமிடத்தை மூன்று நிமிடமாக வெட்ட வேண்டும், சந்தின் இணைய வேகத்தில் அனுப்ப வேண்டும். மூன்று மணிக்குத் தொடங்கினால் நாலுக்குள் முடியாது. அக்காவின் பெருவிரல் போனுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. கீழே இறங்கவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை.

அங்கம்மாதான் வாய் திறந்தார். வழக்கமான குத்தல் அந்தக் குரலில் இல்லை. "பாலா, உனக்கு மனசு ஒப்பலன்னா விடு புள்ள. கும்மி எங்க போயிறப் போகுது? அடுத்த வருசம் ஆடுவோம்."

அதைக் கேட்டதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏச்சென்றால் அவரால் தாங்க முடியும். இதைத் தாங்க முடியவில்லை.

நஸீப் நானாவை அங்கே காணவில்லை. பக்கத்துக் கடையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. அவர் கடையில் நாற்பது கடிகாரமாவது தொங்கும், ஒன்றின் நேரத்தோடு மற்றொன்று ஒத்துப்போனதே கிடையாது. நானா ஒரு வட்டக் கடிகாரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். மூச்சிரைக்க அதை அக்காவின் முன்னால் பிடித்தார்.

"பாருங்க. மூணே கால். ராகு காலம் போயி கால் மணித்தியாலம் ஈக்கிது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "இது ஓடுதா நானா?"

"ஓடாது."

"பொறகு?"

"ஓடுற கடிகாரம்தான் தங்கச்சி ஒவ்வொரு நேரம் ஒவ்வொண்டு செல்லும். இது ஒரே பேச்சு. நோன்புக்கு முந்தியிலேர்ந்து மூணே கால்."

அக்காவின் தொண்டையில் முதலில் விக்கல் மாதிரி ஒன்று கிளம்பியது. அது விக்கலில்லை. சிரிப்பு. தோள் குலுங்கி, கொண்டை அவிழ்ந்து, சுவெட்டரோடு மொத்தமாகக் குலுங்கிச் சிரித்தார். அங்கம்மா சிரித்தார், நிலூஷா தரையில் குந்திச் சிரித்தாள், ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாத பின்வரிசையும் சிரித்தது. எனக்குச் சோறு புரையேறியது. நானா மட்டும் கடிகாரத்தைக் கோயில் சப்பறம் போல அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் சொவத்துப் பக்கம் திரும்புங்க!" என்று அக்கா கட்டளையிட்டார்.

சந்து முழுவதும் திரும்பிக்கொண்டது. மழைத் தண்ணீர் வடியும் சுவரைப் பார்த்தபடி இருபது பேர். பின்னால் ஆறு தடவை விரல் தட்டும் சத்தம். பிறகு ஓர் இருமல்.

நாலு மணிக்குச் சற்று முன்பாகப் படம் போய்ச் சேர்ந்தது. அவசரத்தில் எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அது பொங்கலன்று தெரிந்தது. அக்காவின் கடையில், அதே மாப்ளயின் முன்னால், சந்து கூடி நிகழ்ச்சியைப் பார்த்தது. பரிசு நாவலப்பிட்டிப் பக்கத்துக் கோலாட்டக் குழு ஒன்றுக்குப் போனது. ஆனால் இவர்களுடையதிலும் ஒரு துண்டைக் காட்டினார்கள். அங்கம்மாவின் வெற்றிலைப் பை பறக்கிறது. அங்கம்மா தாளம் தப்பாமல் ஒரு கும்மி தட்டி, சுற்றி வந்து, விழப் போகும் பையை ஒற்றைக் கையால் பிடித்து, இடுப்பில் செருகி, அடுத்த கும்மியையும் தட்டுகிறார். அறிவிப்பாளர் பெண் "ஐயோ மறுபடி, மறுபடி" என்றாள். மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும் திரையின் வலது ஓரத்தில் நீலச் சுவெட்டர் போட்ட ஒரு முழங்கை வந்து போனது.

"பாத்தீங்களா? என் முழங்க!" அக்கா கதிரையில் ஏறி நின்று கத்தினார். "மூணு தரம் வந்துச்சு!"

"உன் முழங்கைக்கு நல்ல நேரம் புள்ள," என்றார் அங்கம்மா.

அந்தக் காட்சியை நிறுத்தி, முழங்கையை மட்டும் வெட்டி அச்சிட்டு, அக்கா கண்ணாடிக் கதவில் ஒட்டினார், என் பட்டமளிப்புப் படத்துக்கு நேர் மேலே. அங்கியோடு நிற்கும் என் தலையை ஒரு முழங்கை ஆசீர்வதிப்பது போல் இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா வந்தபோது பார்த்துவிட்டு, "இது யாரு கை?" என்று கேட்டார். அக்காவே வெளியே வந்து சுவெட்டரை மடித்துக் காட்டி அறிமுகமானார். இருவரும் ஒரு மணித்தியாலம் பேசினார்கள். நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

நஸீப் நானாவின் புகழ் பிலிமத்தலாவை வரைக்கும் போய்விட்டது. அவருக்கு அப்டேட்டில் கைராசி என்று யாரோ கிளப்பிவிட, போனைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு ஆள் வருகிறது. அவரும் பிஸ்மி சொல்லி அமத்திவிட்டு, "மிச்சத்த பக்கத்துக் கடையில கேளுங்க" என்று இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்.

பாலாம்பிகை அக்கா இப்போதும் அதே சந்தில், அதே கடையில், அதே நீலச் சுவெட்டரில் இருக்கிறார். கும்மிக் குழுவில் இப்போது ஏழு பேர். நானா கொண்டுவந்த கடிகாரத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். அது மூன்றே காலிலேயே நிற்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரு வேலையாக இறங்கிப் போனேன். யாரோ ஒருவரின் போனைச் செருகியிருந்தார். திரையில் பெட்டி வந்தது. நானா கண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், சுவரில் தட்டியும் பதிலில்லை. அக்காவின் கண் நாட்காட்டிக்குப் போனது. செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. பிறகு கடிகாரத்துக்குப் போனது. மூன்றே கால். அதுவும் ராகு காலத்துக்குள்ளேதான். போன் கொண்டு வந்தவர் வீதியைப் பார்க்கத் தொடங்கினார்.

"ஒரு நிமிசம் இருங்க," என்றார் அக்கா. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கொண்டையிலிருந்த பேனையை உருவினார். கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து, பேனை முனையால் பெரிய முள்ளை மெல்லத் தள்ளிக்கொண்டே போய், ஐந்து மணியில் நிறுத்தி, கண்ணாடியை மூடி, சேலைத் தலைப்பால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு இறங்கி வந்து அமத்தினார்.